படிச்சுக் காட்டியாச்சா?

அக்கா எங்களிடம் பேசிய முதல் பேச்சிலேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்கப்புறம் எத்தனையோ தடவை போட்டிருக்கிறது. அவளோடு பழகிய காலத்தில் பாதி நேரம் நான் வாயைப் பிளந்துகொண்டுதான் இருந்தேன்.

எங்களுடையது தென்காசியில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனம். படுத்த படுக்கையாகிவிட்டவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்போம். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, குளிப்பாட்டுவது, டியூப் மாற்றுவது, கூட இருந்து பார்ப்பவர்களுக்கு அதையெல்லாம் சொல்லிக் கொடுப்பது. ஒரு வேன், ஒரு நர்ஸ், ஒரு டிரைவர். கணக்கு, கடிதம், சண்டை மூன்றுக்கும் நான். செயலாளரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். பாத்திரக்கடைக்காரர். தன் அம்மா வருடக்கணக்கில் படுக்கையில் கிடந்து போனதைப் பார்த்து இதை ஆரம்பித்தவர். வேனுக்கு டீசல் போடவும் நர்ஸுக்குச் சம்பளம் கொடுக்கவும் யாரிடமாவது நிதி கேட்டு எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பெயர் புரபோசல். அது தேறினால் வேன் ஓடும். தேறாவிட்டால் நின்றுவிடும்.

அண்ணாச்சி எழுதிய புரபோசல்கள் வரிசையாகத் திரும்பி வந்துகொண்டிருந்த காலத்தில்தான், செங்கோட்டையிலிருந்து சிவகிரி வரைக்கும் பல நிறுவனங்களுக்கு எழுதிக் கொடுக்கிறவள் என்று யாரோ சொல்லி அக்கா வந்தாள். கையில் குடை. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நின்றுகொண்டே படித்தாள். இரண்டாம் பக்கத்தில், கண்ணீர் வழிய, நடுங்கும் கைகளால் கும்பிட்டபடி எங்கள் நர்ஸை வரவேற்கும் ஒரு கிழவி இருந்தாள். டைப் அடிக்கும்போது எனக்கு ரொம்பப் பிடித்துப்போன வரி அது.

"இந்த ஆச்சி யாரு?" என்றாள் அக்கா.

"ஆச்சியா?" அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "அது பொதுவா எழுதுனதும்மா."

"அப்பம் இப்படி ஒருத்தி இல்ல."

"இல்லாட்டா என்னம்மா? இவள மாதிரி எத்தன பேரு கெடக்காங்க."

"இல்லாத பொம்பளையப் பாக்கப் போறதுக்கு எதுக்கு வேன்?"

கேட்டுவிட்டு அந்தப் பக்கத்தைக் கிழித்து மேசையில் வைத்தாள். அண்ணாச்சியின் முகத்துக்கு நேராக அப்படி ஒருவரும் பேசி நான் பார்த்ததில்லை. காதெல்லாம் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தார். எழுதிக் கொடுக்க வந்தவளா, வம்பு பண்ண வந்தவளா என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அவள் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் அவளுக்குப் பிடிக்காது. புரபோசலில் நோயாளிகளின் பெயரை அவள் போட விட்டதே இல்லை. "கஷ்டத்த எழுதுதோம். பேரையும் சேத்து எதுக்குக் கொடுக்கணும்? பேராவது அவங்ககிட்ட இருக்கட்டும்" என்பாள். அவள் சொன்னதை நான் மீறி நடந்தது குறைவு. இனிமேலும் மீறுவதாக இல்லை.

அக்காவிடம் ஒரே ஒரு பிடிவாதம். யாரைப் பற்றி எழுதுகிறோமோ, அவருக்கு அதைப் படித்துக் காட்ட வேண்டும். ஆங்கிலத்தில் போகிற புரபோசலை முதலில் தமிழில்தான் எழுதுவாள். அதை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் வாசிப்பாள். கேட்டு முடித்தவர், சரி என்றால், அந்தத் தாள்மேல் உள்ளங்கையை வைக்க வேண்டும். கையெழுத்து, கைநாட்டு ஒன்றும் கிடையாது. சும்மா கையை வைத்து எடுத்தால் போதும். கை விழாத தாள் எங்கள் அலுவலகத்தை விட்டு வெளியே போகாது. அனுப்ப வேண்டிய கடைசி நாளில் நாங்கள் கால் கடுக்க நிற்கும்போதும் அக்கா கேட்கிற கேள்வி அதுதான்: "படிச்சுக் காட்டியாச்சா?"

எழுதும்போது அவளுக்கு இன்னொரு சொல் உண்டு. பெறவு, பிறகு என்பதுதான். நாம் எதைச் சொன்னாலும் "பெறவு?" என்பாள்.

"சக்கர நாற்காலி கொடுக்கோம்க்கா."

"பெறவு?"

"அதுல உக்காந்து வெளிய வருவாரு."

"வாசல்ல படி இருக்கே. பெறவு?"

அந்தப் படிக்கு ஒரு சரிவுப் பலகை, பலகையைச் செய்ய ஒரு தச்சர், நாற்காலியைத் தள்ள மருமகளுக்கு ஒரு பயிற்சி என்று பட்ஜெட் மாறும். 'விழிப்புணர்வு ஏற்படுத்தப்படும்' என்று நான் எழுதினால், யாருக்கு, எந்த ஊரில், தெரிந்துகொண்டு அவர் என்ன செய்வார் என்று குடைவாள். 'முகத்தில் புன்னகை மலர்ந்தது' என்று எழுதியபோது, "சிரிச்சாரா? நீ பாத்தியா?" என்று கேட்டாள். நான் பார்க்கவில்லை. அடித்துவிட்டேன். பெறவு, பெறவு என்று அவள் கேட்கக் கேட்க எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அவள் எழுதிய புரபோசல்கள் தேறின.

இலஞ்சியில் நடந்ததை இப்போது நினைத்தாலும் திக்கென்கிறது. வயலும் தென்னந்தோப்புமாக ஒரு காலத்தில் ஓகோவென்று இருந்த வீடு. இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் படுத்திருந்தார் பெரியவர். கூட இருந்தது அவர் மனைவி மட்டும். அந்தப் புரபோசலே அவர் கதையை நம்பித்தான் இருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் புரபோசல் போயாக வேண்டும். அக்கா வாசிக்க ஆரம்பித்தாள். 'ஆதரவற்ற ஏழை முதியவர்' என்று அண்ணாச்சி கெஞ்சிக் கூத்தாடிச் சேர்க்கச் சொன்ன வரி வந்தது.

"யாரு ஏழை?"

பெரியவர் போட்ட சத்தத்தில் நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"ஏ பிள்ள, யாரப் பாத்து ஏழைங்க? கோயில் கொடைக்கு எங்க வீட்டுலருந்து நெல்லு போன காலத்துல உங்க அண்ணாச்சி பொறந்தானா? ஆதரவு இல்லையா? அங்கன நிக்காளே, அவ யாரு? வெளிய போங்க!"

மனைவி வந்து எங்கள் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினார். வேனில் காத்திருந்த அண்ணாச்சி தலையில் கை வைத்துவிட்டார். அக்கா வாசலிலேயே உட்கார்ந்து, பேனாவை எடுத்து, அந்த வரியை மட்டும் இல்லை, அவரைப் பற்றிய பக்கம் முழுவதையும் குறுக்கே அடித்தாள்.

"எம்மா, நல்ல கேஸும்மா அது!" என்றார் அண்ணாச்சி, அழாத குறையாக.

"அவரு வேண்டாங்காரு. அவரு கதை, அவருதான் சொல்லணும்."

நாங்கள் வேனில் ஏறப் போகும்போது கதவு திறந்தது. பெரியவர் உள்ளேயிருந்து கூப்பிட்டார். சத்தம் இறங்கியிருந்தது.

"என்னயப் பத்தி எழுதாதிய. எழுதணும்னா இவ முதுகப் பத்தி எழுதுங்க."

அந்த அம்மா வெட்கப்பட்டு, வேண்டாம் வேண்டாம் என்றார். உள்ளே போய், கூட வந்திருந்த நர்ஸ் அந்த அம்மாவின் சேலையை விலக்கிப் பார்த்தாள். வருடக்கணக்கில் அவரைத் தூக்கி உட்கார வைத்து, தூக்கிப் படுக்க வைத்து, இடுப்பில் எலும்பு ஒரு பக்கமாகப் புடைத்து நின்றது. நாங்கள் எத்தனை தடவை அந்த வீட்டுக்குப் போயிருப்போம். ஒருவரும் அந்த அம்மாவின் முதுகைப் பார்த்ததில்லை. பெரியவருக்குக் கண்ணில் நீர் கோத்துவிட்டது. "நான் செத்தாக்கூட இவளால நிமிர முடியாதும்மா" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினாள் அக்கா. நோயாளியைப் பார்க்கிற திட்டம் அன்றைக்கு மாறியது. ஆளைத் தூக்கிப் பிடிக்க இன்னொரு கை, தூக்குகிற முறையைச் சொல்லிக் கொடுக்க மாதம் ஒரு வகுப்பு, பார்த்துக்கொள்பவர்களுக்கும் வைத்தியம். வாசித்துக் காட்டியதும் முதலில் அந்த அம்மாவின் கை தாள்மேல் விழுந்தது. அப்புறம் பெரியவருடையது. அந்த நிதி கிடைத்தது.

இந்தப் பழக்கம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறாள். செங்கோட்டைப் பக்கம் ஒரு கடையில் பால் இல்லாத கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தோம். அவள் முன்னால் வேலை பார்த்தது பணம் கொடுக்கிற பக்கம். வெளியூரில் பெரிய ஆபீஸ், வந்து குவிகிற புரபோசல்களைப் படிக்கிற வேலை. ஒருமுறை ஆய்வுக்குப் போன இடத்தில், புரபோசலில் வந்திருந்த ஒரு பெண்ணைச் சந்தித்திருக்கிறாள். உங்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்று சந்தோஷமாக அதை வாசித்தும் காட்டியிருக்கிறாள்.

"அவ புருசன் ஓடிப்போனது, அவ பட்டினி கெடந்தது, எல்லாம் அதுல இருந்துச்சுட்டி. இத எத்தன பேரு படிச்சாங்கன்னு கேட்டா. நான் சொன்னேன். அவ மூஞ்சியப் பாத்தேன். பெறவு எனக்கு அந்த வேல ஓடல."

டம்ளரை வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை, மேலகரத்தில் தங்கை வீட்டில் ஏன் இருக்கிறாள், எதையும் அதற்கு மேல் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

எங்கள் ஊருக்கு நிதி கொடுக்கிறவர்களுக்கெல்லாம் ஒரு ஒற்றுமை உண்டு. ஆய்வுக்கு வர அவர்களுக்கு நேரம் கிடைப்பது ஆனி, ஆடியில்தான். சாரல் விழ ஆரம்பித்ததும் சென்னையிலிருந்து போன் வரும். அண்ணாச்சி அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். முதலில் ஐந்தருவிக் குளியல், எண்ணெய் மசாஜ், அப்புறம் வயிறு நிறையச் சாப்பாடு, கடைசியாக இரண்டு வீடு, ஒரு போட்டோ. ஒரு தடவை சென்னையில் உள்ள ஒரு பெரிய கம்பெனியின் அறக்கட்டளையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். ரயிலிலிருந்து இறங்கியவரை அக்கா நேராக வேனில் ஏற்றினாள்.

"ஃபால்ஸுக்கா மேடம்?"

"இல்ல சார். கடையநல்லூருக்கு."

அண்ணாச்சி கண்ணால் கெஞ்சினார். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அங்கே ஒரு நெசவாளர், வயதானவர். மகன் துபாயில். மருமகள் பார்த்துக்கொள்கிறாள். அவர் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். நர்ஸ் கட்டைப் பிரித்த நேரம் நாங்கள் உள்ளே போனோம். வாடை முகத்தில் அடித்தது. அதிகாரி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்க சார்," என்றாள் அக்கா. "இவங்ககிட்டக் கேட்டுட்டோம். நீங்க வரலாம்னு சொல்லிட்டாங்க."

அவர் வந்தார். நர்ஸ் சுத்தம் பண்ணி முடிக்கிற வரை நின்றார். வெளியே வந்ததும் வேன் படியில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"நாங்க வர்றோம்னுதான் இன்னிக்கு இதைப் பண்ணினீங்களா?"

"நீங்க வராட்டாலும் இன்னைக்கு இவருக்கு முறை சார்."

பணம் கொடுக்கிறவரிடம் யாராவது இப்படிப் பேசுவார்களா? திரும்பும் வழியில் அண்ணாச்சி வேனை ஐந்தருவிக்கு விடச் சொன்னார். அன்று அருவியில் அவர் நெடுநேரம் நின்றார். இறங்கி வந்து, தலையைக்கூடத் துவட்டாமல், "அந்த மருமகப் பொண்ணுக்கு மாஸ்க், கிளவுஸ் எல்லாம் பட்ஜெட்ல இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. எங்களுக்கு நிதி கொடுத்தவர்களில் அவர்தான் நிலைத்து நின்றார்.

பிறகு ஒருநாள் காலை, அக்காவின் தங்கை போன் பண்ணினாள். பக்கவாதம். வலது பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கட்டிலில் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தாள். என்னைப் பார்த்ததும் கண் விரிந்தது. வாய் கோணிக்கொண்டு அசைந்தது.

"பெறவு" என்றாள்.

எனக்கு ஒரே சந்தோஷம். பேச்சு இருக்கிறது! "என்னக்கா, என்ன வேணும்?" என்றேன். "பெறவு" என்றாள். "வலிக்குதா?" "பெறவு." டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். நாம் பேசுவது அவளுக்குப் புரிகிறது. ஆனால் பேச்சு போய்விட்டது. சில பேருக்கு வழக்கமாகச் சொல்லும் ஒரு சொல் மட்டும் தங்கிவிடுமாம். மற்ற எல்லாச் சொல்லும் போய், இவளுக்கு அந்த ஒன்று நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நான் ஓவென்று அழுதேன். வார்த்தை வார்த்தையாகப் பார்த்து எழுதியவளுக்கா இப்படி ஆக வேண்டும்?

அவளும் எங்கள் நோயாளி ஆனாள். தங்கை பள்ளிக்கூடத்தில் சமையல் வேலைக்குப் போகிறவள். பகலெல்லாம் அக்கா தனியாகத்தான் கிடக்க வேண்டும். வாரம் இரண்டு தரம் வேன் போகும். நர்ஸ் குளிப்பாட்டி, புரட்டி, முதுகைப் பார்த்து, பவுடர் போட்டுவிட்டு வருவாள்.

அந்த வருடம்தான் எங்களுக்கு நெருக்கடி. மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். சென்னைக்காரர்கள் மட்டும், புதிதாக எழுதுங்கள், பார்க்கலாம் என்றார்கள். மார்ச்சுக்கு மேல் வேன் ஓட வழியில்லை. எழுத நான் ஒருத்திதான்.

அண்ணாச்சி மென்று விழுங்கினார். "ஏட்டி, நம்ம அக்காவப் பத்தி எழுதுனா..."

"வெக்கமா இல்லையா அண்ணாச்சி?"

"இருக்கு. ஆனா வேன் நின்னா அவளுக்கும்லா நிக்கும்?"

எழுதினேன். பார்த்துப் பார்த்து, அவள் மனசு நோகாதபடி எழுதினேன். 'நடமாட்டத்தில் சிரமம்', 'பேச்சில் சிறு தடை', 'இல்லச் சேவையால் பயன் பெற்று வருகிறார்'. எழுதியதை எடுத்துக்கொண்டு மேலகரம் போனேன். அவளுக்குப் படித்துக் காட்டாமல் அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை. தங்கை அடுப்படியில் இருந்தாள். நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தேன்.

'பயன் பெற்று வருகிறார்' என்ற இடத்தில் அவள் இடது கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"பெறவு?"

அந்த ஒரு சொல்தான் அவளிடம் உண்டு என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் கேட்டது கேள்விதான். முன்பெல்லாம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்ட அதே மாதிரி புருவத்தைத் தூக்கிக் கேட்டாள்.

"நர்ஸ் வந்து குளிப்பாட்டுதாங்க. முதுகப் பாக்குதாங்க" என்றேன்.

"பெறவு?"

"வேன் நின்னுட்டா அவங்க வர மாட்டாங்க."

"பெறவு?"

"தங்கச்சியால தனியாப் பெரட்ட முடியாது. நீங்க கெடந்த இடத்துலயே கெடப்பிய. ஈரத்துலயே."

"பெறவு?"

"முதுகுல புண்ணு வரும்."

"பெறவு?"

"ஆழமாப் போவும். சீழ் வைக்கும். அக்கா, போதும்க்கா."

"பெறவு?"

"செத்துப் போயிருவிய!" என்று கத்திவிட்டேன். "புண்ணு புழுத்துச் செத்துப் போயிருவிய! போதுமா?"

தங்கை அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "ஏ பாவி, படுத்துக் கெடக்கவகிட்டப் பேசுத பேச்சாட்டி இது?" நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அக்கா மட்டும் அசையவில்லை. என் மணிக்கட்டை விட்டுவிட்டு, விரலால் தாளைத் தட்டினாள். மறுபடியும் தட்டினாள்.

"இத எழுதவா?" என்றேன்.

கண்ணை மூடித் திறந்தாள்.

அவள் முன்னாலேயே எழுதினேன். சிரமம், சிறு தடை எல்லாவற்றையும் அடித்துவிட்டு, முதல் வரியாக எழுதினேன்: 'இந்த வேன் நின்றுவிட்டால் இவர் படுக்கைப் புண் வந்து இறந்துபோவார்.' வாசித்துக் காட்டினேன். இடது உள்ளங்கையைத் தாள்மேல் வைத்தாள். நான் இழுத்தும் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

ஒரு வாரம் கழித்துச் சென்னையிலிருந்து அதே அதிகாரி கூப்பிட்டார்.

"மேடம், எல்லாம் நல்லாருக்கு. முதல் வரி மட்டும் ரொம்ப ஹார்ஷா இருக்கு. போர்டுக்குப் போகணும். கொஞ்சம் மாத்திக்கலாமா? அந்தப் பேஷண்டுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படாதா?"

"அவங்களுக்குப் படிச்சுக் காட்டியாச்சு சார். அவங்க கேட்டுத்தான் எழுதுனோம்."

"யாரு அவங்க?"

"உங்கள ரயிலடியிலருந்து நேரா கடையநல்லூருக்குக் கூட்டிட்டுப் போனாங்கள்லா. அவங்கதான்."

போனில் தாள் புரளும் சத்தம் கேட்டது. அந்த முதல் வரியை அவர் மறுபடியும் மெதுவாக வாசித்தார்.

"அப்போ அது அப்படியே இருக்கட்டும்" என்றார்.

வேன் நிற்கவில்லை. அக்கா அதற்கப்புறம் இரண்டு சாரல் பார்த்தாள். இரண்டாவது சாரல் முடிகிற நேரத்தில் மறுபடியும் ஒரு வாதம் வந்து போய்விட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது அவளைக் குளிப்பாட்ட ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. நர்ஸ் என்னை உள்ளே கூப்பிட்டாள். அக்காவை மெதுவாக ஒருக்களித்துப் புரட்டி, "பாருங்க" என்றாள். முதுகில் ஒரு புண் இல்லை. ஒரு சிவப்புத் தடம்கூட இல்லை. நர்ஸ் அழுதாள். நானும் அழுதேன்.

பணம் கொடுத்தவர்களுக்கு வருட அறிக்கை அனுப்ப வேண்டும். புரபோசலில் சொன்னவருக்கு என்ன ஆயிற்று என்று அதில் எழுத வேண்டும். நான் எழுதினேன்: 'அவர் அமைதியாக இறந்தார். முதுகில் புண் இல்லை.' எழுதி முடித்ததும் எனக்குக் கை ஓடவில்லை. இதை யாருக்குப் படித்துக் காட்டுவது? மேலகரத்துக்குத்தான் போனேன். தங்கை ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். வாசித்தேன்.

"அமைதியாங்கத அடிச்சிரு" என்றாள்.

"ஏன்க்கா?"

"அவ அமைதியாப் போகல. நாந்தான கூட இருந்தேன். மூச்சு அடங்குத வரைக்கும் எம் மூஞ்சியப் பாத்துப் பெறவு, பெறவுன்னு கேட்டுக்கிட்டேதான் போனா. எனக்குத்தான் ஒண்ணும் சொல்லத் தெரியல."

அந்தச் சொல்லை அடித்தேன். மிச்சத்தை மறுபடியும் வாசித்தேன். அவள் கேட்டுவிட்டு, தாள்மேல் கையை வைத்தாள்.